மலைப்பக்கம் விட்டு நடந்தவர்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் நான் குடியிருந்த மாடிப் போர்ஷனுக்குக் கீழே, மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஒரு பேச்சு தொடங்கும்.

"வா... பின்னாடியே வா. மலைப்பக்கம் எடம் விட்டிருக்கேன்."

அப்புறம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. யாரோ பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு மறுபடியும் அதே குரல். "அட, அவ்ளோதானா? நான் இருக்கேன்ல, பயப்படாத."

அந்த நேரத்தில் கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மாவைத் தவிர ஆள் கிடையாது. அவர் கணவர் போளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். காலை ஏழரைக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவார். ஒரே மகளுக்குச் சென்னையில் வேலை. கேட் உள்பக்கம் பூட்டியிருக்கும். வெயில் கொளுத்தும் சித்திரையில்கூட ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும்.

எனக்கு அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. நடக்கிற தூரம் என்பதால் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். முதல் வாரம், யாரோடோ போனில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வாரம், தெருமுனையில் துணி தேய்க்கும் அக்கா என் புடவையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நீ அந்த வீட்டு மாடிலயா தனியா படுக்கற? இன்னா தைரியம்மா உனக்கு!"

"ஏங்க்கா?"

"அந்த மனை முன்ன புளியந்தோப்பு. மரத்த வெட்டிட்டாங்க சரி, மரத்துல இருந்தது எங்க போவும்? அந்தம்மாவப் புடிச்சிக்கிச்சு. உச்சி வெயில்ல அதுங்கூடத்தான் பேசிக்கினு இருக்கும். நான் அந்தப் பக்கமே போறதில்ல, சுத்திக்கினு கோடி வழியாப் போறேன்."

அவர் மட்டுமில்லை. அந்தத் தெருவே மத்தியானத்தில் அந்த வீட்டைத் தாண்டும்போது முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போகும். கூரியர்காரர் கேட்டுக்கு வெளியே நின்றபடி போன் செய்வார். தீபாவளிக்கு அந்த அம்மா பலகாரத் தட்டு கொடுத்தனுப்பினால் தட்டு மட்டும் பத்திரமாகத் திரும்பி வரும். பலகாரத்தை யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் பார்ப்பதற்கு அந்த அம்மாவிடம் பயப்பட ஒன்றுமில்லை. ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, மூக்குத்தி, எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் புடவை. பேச்சு கம்மி. சிரிப்பு அறவே கிடையாது. நாலு பெண்கள் கூடி நின்று ஏதோ வேடிக்கை பேசிச் சிரித்தால், இவர் மட்டும் காய்காரர் வண்டியில் இருக்கும் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கே உட்கார்ந்தாலும் இடது ஓரமாகத்தான் உட்காருவார், சோபாவானாலும் சரி, ஷேர் ஆட்டோவானாலும் சரி. வலது பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகவே இருக்கும். ஆட்டோக்காரர்கள் திட்டுவார்கள். அவர் நகர மாட்டார்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு காய்ச்சலில். லீவு போட்டுப் படுத்திருந்தேன். மாத்திரை போட வெந்நீர் வேண்டும், கேஸ் தீர்ந்துபோயிருந்தது. ஒன்றே முக்காலுக்குக் கீழே இறங்கினேன். பின்வாசல் கதவு அன்றைக்கு ஏனோ தாழிடாமல் இருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இருட்டான கூடம். சுவர் அளவுக்குப் பெரிய டிவி. அதில் ஒரு தீவு, தீவின் நடுவே ஒரு மலை, மலையைச் சுற்றிக் காட்டுப்பாதை. பாதையின் இடது ஓரமாகக் கையில் தீவட்டியோடு ஓர் உருவம் நடந்துகொண்டிருந்தது. சோபாவின் இடது ஓரத்தில் வீட்டுக்கார அம்மா. காதில் பெரிய ஹெட்செட், கையில் கன்ட்ரோலர். இரண்டு கட்டைவிரல்களும் அரிசியில் கல் பொறுக்குகிற வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

"ஓநாய் வருது பாரு. நீ நில்லு, நான் பாத்துக்கறேன்" என்றார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

ஒரு மனுஷியின் முகத்தில் அப்படி ஒரு கலவரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கன்ட்ரோலரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் காய்ச்சலில் சிரிக்கத் தெம்பில்லை. அந்தக் காய்ச்சல்தான் எங்கள் இருவருக்கும் சிநேகம் வாங்கித் தந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

"யாருகிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார்.

"இதுல என்ன ஆன்ட்டி இருக்கு? தெருவுல உங்களுக்குப் பேய் புடிச்சிருக்குன்னு பேசிக்கிறாங்க. இதச் சொல்லிட்டா அந்தப் பேச்சாவது போகும்."

"தெரியும். பேசட்டும்." டிவி ஸ்டாண்டிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். குழந்தைகள் ஆட்டுகிற பிளாஸ்டிக் கிலுகிலுப்பை. சிவப்பும் மஞ்சளுமாக, கடையில் வாங்கிய மெருகு கலையாமல் இருந்தது.

அது வந்த கதையைச் சொன்னார். செங்கத்தில் அவர் கணவர் வழியில் ஒரு கல்யாணம். அதற்கு முந்தைய மாதம்தான், தான் கேம் ஆடுகிற விஷயத்தை நாத்தனாரிடம் வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். பந்தியில் உட்கார்ந்தால் ஒருத்தி, "என்ன அண்ணி, இன்னைக்கு எத்தன பேர சுட்டீங்க?" என்று கேட்டாளாம். பந்தியே சிரித்ததாம். கணவர் இலையை மூடிவிட்டு எழுந்து போனாராம். கிளம்பும்போது எல்லோருக்கும் கொடுத்த தாம்பூலப் பையில் தேங்காய் இருந்தது. இவர் பையில் தேங்காயோடு இந்தக் கிலுகிலுப்பையும் இருந்தது.

"பேய்னா பயப்படுவாங்கம்மா. கேம்னா சிரிப்பாங்க. பயந்தா தள்ளி நிப்பாங்க. சிரிச்சா கிட்ட வந்துடுவாங்க" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவர் கணவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் மனமகிழ் மன்றத்தில் சீட்டாடிவிட்டு வருவார். அதற்கு யாராவது சிரித்திருக்கிறார்களா? பெரிய மனுஷர் பொழுதுபோக்கு என்பார்கள். அவரும் மனைவியைத் தடுக்கவில்லை. "ஏதோ ஒண்ணு, வெளிய தெரியாம இருந்தா சரி" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டவர்.

கூட ஆடுவது யார் என்று கேட்டேன். மலேசியாவில் ஒரு தமிழ்ப் பெண்ணாம். பல வருஷப் பழக்கம். முகம் பார்த்ததில்லை, போட்டோகூடக் கிடையாது. கேமில் வைத்திருக்கும் பெயர்தான் தெரியும். தினமும் இருவருமாக அந்தத் தீவின் மலையை ஒரு சுற்றுச் சுற்றுவார்களாம்.

"நம்மூரு கிரிவலம் பத்தி அவகிட்ட சொன்னேன். மலைப்பக்கம் சித்தர்ங்க நடப்பாங்க, நம்ம கண்ணுக்குத் தெரியாது, அதனால மலைப்பக்கம் எடம் விட்டுட்டு இடது ஓரமாத்தான் நடக்கணும்னு சொன்னேன். அவளும் அப்படியே நடக்கறா."

நான் டிவியைப் பார்த்தேன். "அவங்க எங்க ஆன்ட்டி?"

"பின்னாடி வரா."

எனக்கு அந்த விளையாட்டெல்லாம் தெரியாது. சரி என்று தலையாட்டிவிட்டு வெந்நீர் வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தெருவின் பயத்தை அவர் எப்படி வளர்த்தார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை வாசலில் வேப்பிலை கட்டுவார். தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை விரித்துக்கொண்டு உச்சிவேளையில் மொட்டைமாடியில் நிற்பார். ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் துணிந்து, "மத்தியானம் யாரோ வந்திருந்தாங்க போல இருக்கே ஆன்ட்டி, பேச்சு கேட்டுச்சு" என்று வாயைக் கிளறினாள். இவர் தன் வலது பக்கத்துக் காற்றை ஒரு தரம் பார்த்துவிட்டு, "யாரு, இவங்களா?" என்றார். அந்தப் பெண் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. எனக்கு மேலே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டியிருந்தது. நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

ஒரு தடவை கிரிவலத்துக்கும் கூட அழைத்துப் போனார். கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகிற நேரத்துக்குக் கிளம்பினோம். அடி அண்ணாமலை தாண்டும்போது நான் வெயிலுக்கு ஒதுங்கி அவருக்கு வலது பக்கமாகப் போனேன். சட்டென்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "அங்க நடக்காத." வழக்கமான குரலில்லை அது. இழுத்த இடத்தில் சாயங்காலம் வரை வலித்தது.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மகளுக்கு ஆரணியில் இருந்து ஒரு வரன் வந்தது. பையன் பார்க்க லட்சணமாக இருந்தான், ஜாதகம் பொருந்தியது, பெண் பார்த்துவிட்டுப் போய் சரி என்றும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கார அம்மா அந்த மாதம் முழுக்க வேப்பிலை கட்டவில்லை. ஆனால் தெருவுக்கு வாய் இருக்கிறதே.

ஒருநாள் மத்தியானம், நான் கேட்டைத் திறந்துகொண்டு சாப்பாட்டுக்கு வந்த பின்னாலேயே, பையனின் அம்மா நேராக என் மாடிக்கு ஏறி வந்தார். கீழே போகவில்லை.

"உன்கிட்ட கேட்டா உண்மை தெரியும்னு வந்தேன்மா. தெருவுல ஒரு மாதிரி சொல்றாங்க. அந்தம்மாவுக்கு ஏதாவது காத்து கருப்பு..."

அவர் முடிக்கவில்லை. மணி ஒன்றரை. கீழேயிருந்து வந்தது: "வா... பின்னாடியே வா." அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கீழே அந்த அமைதி, பிறகு மறுபடி குரல்: "இங்கதான் இருக்கேன்."

ஒரு பெண்ணின் கல்யாணம் ஒரு பொய்ப்பேயால் நின்றுபோகப் போகிறது, உண்மை என் நாக்கு நுனியில் இருக்கிறது. வேறு என்ன செய்வேன்? சொல்லிவிட்டேன்.

"பேயெல்லாம் இல்லீங்க. அவங்க கேம் ஆடுறாங்க. டிவில போட்டு. கூட ஆடுறவங்க மலேசியாவுல இருக்காங்க. காதுல மாட்டிக்கிட்டு அவங்களோட பேசுறாங்க, அவ்ளோதான்."

"கேமா? சின்னப் பசங்க ஆடுமே, அதுவா?"

"ஆமாங்க."

மணிக்கட்டை விட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அம்பது வயசுல! ஐயோ கடவுளே! காத்து கருப்புன்னாகூட ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டிக்கினு போயி வந்தா சரியாப் போயிடும்மா. எங்க வீட்லயே ஒருத்திக்கு இருந்து போயிருக்கு. இதுக்கு எங்க கூட்டிக்கினு போறது?"

எங்கள் படிக்கட்டு கீழ்வீட்டுக் கூடத்து ஜன்னலை ஒட்டி இறங்கும். அவர் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். கீழே பேச்சு நின்றுபோனது.

ராத்திரிக்குள் தரகர் போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் வீட்டுக்கார அம்மா மாடி ஏறி என் அறைக்கு வந்தார். அதுவரை என் அறை வாசலைக்கூட மிதித்ததில்லை. கட்டிலின் இடது ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீதான் சொன்னியா?"

"ஆமா ஆன்ட்டி."

"நல்லதுக்குத்தான் சொல்லியிருப்ப."

இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு தெரு கிட்டே வந்தது, அவர் சொன்னது போலவே. பிள்ளைகள் கேட்டில் ஏறி நின்று விரலைத் துப்பாக்கியாக நீட்டி "டிஷ்யூம்" என்றார்கள். எதிர்வீட்டுப் பெண், "என்ன ஆன்ட்டி, எங்களுக்கும் சொல்லிக் கொடுங்களேன், பொழுது போகல" என்று வாசலிலேயே நின்று கேட்டாள். துணி தேய்க்கும் அக்கா, "இத்தினி நாளா இந்தம்மாவுக்கா பயந்து நான் சுத்திக்கினு போனேன்!" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். இந்த அம்மா கோலம் போட வெளியே வருவதை நிறுத்தினார். கணவர் சீட்டாடப் போவதை நிறுத்தினார். "அந்தச் சனியன எடுத்துடு" என்று மகளுக்குப் போன் போட்டதும் அவர்தான்.

மகள் வந்தாள். வரன் போனதில் அவளுக்கு வருத்தமில்லை. "சிரிக்கிற வீட்டுக்கு வாக்கப்பட்டுட்டு அப்புறம் நான் என்னக்கா பண்றது?" என்றாள். ஆனால் அப்பா பேச்சைத் தட்ட முடியவில்லை. பிரதோஷத்துக்கு அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் கேம் பெட்டியைக் கழற்ற உட்கார்ந்தாள். என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள்.

"அம்மாவோட ஃப்ரெண்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுடலாம்க்கா. பாவம், காத்துக்கிட்டு இருப்பாங்க."

டிவியைப் போட்டாள். எதையோ அழுத்தினாள். நண்பர்கள் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அதற்குக் கீழே, அந்தப் பெண் கடைசியாக விளையாட வந்த நாள். மகள் இரண்டு தடவை படித்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு நாள் அது. நான் அந்த மாடிக்குக் குடிவருவதற்கும் ஒரு வருஷம் முன்பு.

"இல்லக்கா, தப்பாக் காட்டுது போல" என்று ஹெட்செட்டைக் கையில் எடுத்தாள். "இது போன வருஷமே உடைஞ்சிடுச்சின்னு அம்மா சொன்னாங்க. புதுசு வாங்கித் தரேன்னேன். வேணாம்னுட்டாங்க." ஒயர் அடியோடு அறுந்து தொங்கியது. "அக்கா, நீங்க மேலதான இருந்தீங்க? அவங்க குரல எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

காய்ச்சல் நாள் எனக்கு ஞாபகம் வந்தது. டிவியில் ஓர் உருவம்தான் இருந்தது. பின்னாடி வரா என்றார். பின்னாடி யாரும் வரவில்லை. இரண்டு வருஷமாக என் மாடிக்குக் கேட்டதெல்லாம் ஒரு குரலும், நடுநடுவே யாரோ பதில் சொல்லும் அளவுக்கு ஓர் அமைதியும்தான்.

அம்மாவிடம் கேட்க மகளுக்குத் தைரியம் வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டாள். நான்தான் கேட்டேன். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு உடம்புக்கு முடியல" என்றார், நிமிராமலே. "ஆஸ்பத்திரில சேக்கறாங்கக்கான்னு சொன்னா. இனிமே வந்தா மலைப்பக்கமா வர்றேன், எடம் விட்டு வைங்கன்னு சொன்னா. விட்டு வச்சிருக்கேன்."

"வர்றாங்களா ஆன்ட்டி?"

தன் வலது பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தெருப் பெண்ணிடம் செய்த நடிப்பு என்று நான் நினைத்திருந்தேனே, அதே பார்வை.

"மெதுவாப் பேசு" என்றார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே கேட்டில் பிள்ளைகள் டிஷ்யூம் டிஷ்யூம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் கை ஒவ்வொரு சத்தத்துக்கும் நின்று, பிறகு நறுக்கியது. போன தடவை கேட்காமல் சொன்னேன். இந்தத் தடவை கேட்டேன்.

"ஆன்ட்டி, இத நான் தெருவுல சொல்லலாமா?"

நறுக்கிய வெங்காயத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "சொல்லு. இதுக்கு சிரிக்க மாட்டாங்க."

சாயங்காலம் புடவையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். தேதியைச் சொன்னேன், அறுந்த ஒயரைச் சொன்னேன், ஆஸ்பத்திரியைச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, கூட்டத் தேவையும் இல்லை. அந்த அக்கா இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டார்.

"அப்ப... இத்தினி நாளா அந்தம்மா யாருங்கூட பேசுச்சு?"

"தெரியலக்கா" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. புடவையில் இஸ்திரிப் பெட்டி அளவுக்குக் கருகிப்போனது.

இரண்டே நாளில் கேட்டில் பிள்ளைகள் இல்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் எதிர்ப்பக்க ஓரமாக ஒதுங்கி, எங்கள் வீட்டுப் பக்கம் ஓர் ஆள் நடக்க இடம் விட்டுப் போனார்கள். வீட்டுக்கார அம்மா மறுபடியும் கோலம் போட வந்தார். டிவி ஸ்டாண்டில் கிலுகிலுப்பை இல்லை. குப்பை வண்டியில் போட்டுவிட்டதாகச் சொன்னார். மகள் அடுத்த வருஷம் கூட வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் வீட்டில் மாமனாரே கேம் ஆடுவாராம். அந்தக் கல்யாணத்தில் யாரும் யார் பையிலும் எதையும் வைக்கவில்லை.

எனக்குச் செய்யாறுக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் மத்தியானம் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். கேம் பெட்டி போய் எவ்வளவோ நாளாகியிருந்தது. கீழே டிவிகூட ஓடவில்லை. ஒன்றரை மணிக்குக் குரல் வந்தது.

"வா... பின்னாடியே வா."

பிறகு அந்த அமைதி. நான் கையிலிருந்த தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு நின்றேன். வழக்கத்தைவிட நீளமான அமைதி. யாரோ ஏதோ வேடிக்கையான விஷயத்தை நிதானமாகச் சொல்லி முடிக்கும் அளவுக்கு நீளம்.

அப்புறம் அவர் சிரித்தார். வாய்விட்டு, மூச்சு வாங்க, ஒரு சின்னப் பெண்ணைப் போலச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.